இருந்திருந்தா சார்

அந்தத் தெருவில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே பிரெஞ்சு சார். முதுகுக்குப் பின்னால் இருந்திருந்தா சார். இரண்டாவது பெயரை வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வைத்தவன் கெட்டிக்காரன் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். வாயைத் திறந்தால் 'அன்னைக்கு மட்டும் நான் அப்படிப் பண்ணியிருந்தா இன்னைக்கு எங்கேயோ இருந்திருப்பேன்' என்று ஆரம்பிக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வீட்டின் முன்னறைதான் வகுப்பு. ஒரு நீள பெஞ்சு, கால் ஆடும் சில நாற்காலிகள், சுவரில் கரும்பலகை. சமையலறையில் இடமில்லாததால் பிரிட்ஜும் அங்கேயே நின்றது. வினைச்சொல் நடந்துகொண்டிருக்கும்போதே மனைவி வந்து பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துப் போவாள். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் அவளுடைய தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மெஷின் ஓட ஓட இவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இருபது வருஷமாக இப்படிக் கத்திக் கத்தியே அவருடைய பிரெஞ்சு, சந்தையில் சாமான் விற்கிறவர் குரலுக்கு வந்துவிட்டது.

பாடம் நடத்துவதில் அவருக்கு ஒரு தனி வழி உண்டு. வணக்கம், நலமா, என் பெயர் இன்னது என்கிற சமாச்சாரத்தையெல்லாம் முதல் நாளே, வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றி வைக்கிற நேரத்துக்குள் முணுமுணுத்து முடித்துவிடுவார். நிகழ்காலத்தைத் தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல் ஒரு தள்ளு. எதிர்காலம் புத்தகத்தில் இருக்கிறது, வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளலாம். பிறகு வரும் பாருங்கள் அவருடைய சொந்தக் காலம். நடந்திருக்கக் கூடியது, ஆனால் நடக்காமல் போனது. போயிருப்பேன், செய்திருப்பேன், சொல்லியிருப்பேன். அதை மட்டும் மாதக்கணக்கில் நடத்துவார். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குக் கடையில் போய் ஒரு டீ கேட்கத் தெரியாது. ஆனால் டீ கேட்காமல் போனதற்கு இலக்கணச் சுத்தமாக வருத்தப்படத் தெரியும்.

"சார், நிகழ்காலம் திரும்ப எப்ப சார் நடத்துவீங்க?" என்று கேட்டே சலித்துப் போனவள் ஒருத்தி உண்டு. பெரிய ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிற பெண். "வர்ற விருந்தாளிகிட்ட நான் 'உங்களுக்கு அறை குடுத்திருப்பேன்'னா சார் சொல்ல முடியும்?"

"நிகழ்காலத்துல என்னம்மா இருக்கு? எல்லாரும் அதுலதான் இருக்காங்க," என்பார் அவர். பெஞ்சே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

ஆனால் அந்தக் காலத்தை நடத்தும்போது பார்க்க வேண்டும் அவரை. "கவனிங்க. இந்தக் காலத்துக்குள்ள எந்த வினைச்சொல்லும் தனியாப் போகாது. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டுத்தான் போகும். முக்கால்வாசி வினைக்கு 'அவ்வார்' துணை. போறது, வர்றது, பொறக்கறது, சாகறது மாதிரி சிலதுக்கு 'எத்ர்' துணை. நான், நீ, அவன்னு ஆள் மாறும்போதெல்லாம் அலைஞ்சு உருமாறது துணைதான். முக்கியமான வினை கிட்டத்தட்ட அப்படியே கையைக் கட்டிட்டு நிக்கும்." இங்கே திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "எங்க வீடு மாதிரின்னு வெச்சுக்கங்களேன்."

துணைவினை சரி, உதாரண வாக்கியத்துக்கு எங்கே போவது? புத்தகத்தில் இருந்ததெல்லாம் யாரோ ஒருத்தர் மழைக்குக் குடை எடுத்துப் போகாத கதை. அதில் என்ன உயிர் இருக்கிறது? அதனால் அவர் தன் வாழ்க்கையையே எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பித்தார். 'நான் சீக்கிரம் எழுந்திருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன்.' இளவயதில் விமானக் கம்பெனி வேலைக்கான தேர்வுக்குப் போகாமல் தூங்கிப்போன கதை அது. 'நான் வாயைத் திறந்திருந்தால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.' அது பழைய அலுவலகக் கதை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிரந்தர உதாரணம் உண்டு. எத்ர் என்கிற துணை, எதிர்மறை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் அதை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய கட்சி. 'எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால், நான் பிரெஞ்சு நாட்டுக்கே போயிருப்பேன்.' ழெ ஸெரே அலே, நான் போயிருப்பேன். அந்தப் பிரெஞ்சுச் சொல் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

இதில் ஒரு வசதி இருந்தது. வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. சொந்த வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு, ஊரைக் கூட்டி, உரத்த குரலில் புலம்பலாம். ஒரு குஞ்சுக்கும் புரியாது. இந்தச் சௌகரியம் எத்தனை புருஷன்மாருக்குக் கிடைக்கும்?

அந்த நிரந்தர உதாரணம் வரும்போது மட்டும் சில நாள் மெஷின் சத்தம் நின்றுவிடும். பாபினில் நூல் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். வருஷா வருஷம் அதே வாக்கியத்துக்கு அதே இடத்தில் எப்படி நூல் தீரும் என்று யோசிக்கிற அளவுக்கு மூளை இருந்திருந்தால், அவரே சொல்வதுபோல், எங்கேயோ இருந்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை அந்த வரவேற்புப் பெண் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

"சார், வியாழக்கிழமை எங்க ஓட்டலுக்கு ஒரு அம்மா வர்றாங்க. அந்த நாட்டுக்காரங்க. இங்கேருந்து ஒரே ஒரு பிரெஞ்சு வாத்தியாரைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாசம் அங்க கூட்டிட்டுப் போய்ப் பயிற்சி குடுப்பாங்களாம். போக்குவரத்து, தங்கற இடம் எல்லாம் அவங்க பொறுப்பு. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

அவரிடம் படித்த பெண் அல்லவா, காலம் தப்பவில்லை.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவர் பிரெஞ்சு படித்தது தபாலில். உச்சரிப்பு கற்றது கேசட்டில். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒரு ஜீவனோடு இன்றுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். குட்டு உடைந்துவிடும். போகாத வரைக்கும் அவர் 'போயிருக்கக் கூடிய' மனுஷர், அதில் ஒரு கௌரவம் இருந்தது. போய்த் தோற்றுவிட்டால் வெறும் தோற்றவர். இருபது வருஷம் பலகையில் எழுதிய வாக்கியம் மொத்தமும் பொய்யாகிவிடும். ஆசை இல்லாமல் இல்லை. கேசட்டில் கேட்ட அந்த ஊர்த் தெருச் சத்தத்தை நேரில் கேட்க வேண்டும் என்று அவர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆசைதான் பயத்தையும் ஊதிப் பெரிசாக்கியது.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு சாக்குக்காக அலைந்தார். காய்ச்சல் வருமா என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நன்றி கெட்ட உடம்பு, கல்லுக் குண்டாக இருந்தது. புதன்கிழமைதான் வழி தெரிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், வீடு முழுக்கச் சட்டையும் பாவாடையும் குவிந்து கிடக்கின்றன. இந்த நேரத்தில் பெண்டாட்டியைத் தனியாகத் தவிக்க விட்டுப் போகிறவன் மனுஷனா? சாக்கு கிடைத்த சந்தோஷத்தில் அன்று மாலையே அதைப் பாடமாக்கினார். பலகையில் எழுதி, மெஷின் சத்தத்துக்கு மேல் உரக்க வாசித்தார்.

'சீருடை வேலை இல்லாமல் இருந்திருந்தால், நான் தேர்வுக்குப் போயிருப்பேன்.'

வரவேற்புப் பெண் கையைத் தூக்கினாள். "சார், தேர்வு நாளைக்குத்தானே? அதுக்குள்ள 'போயிருப்பேன்'னா எப்படி?"

"உதாரணம்தானேம்மா."

மெஷின் நின்றது. இந்த முறை திரையும் விலகியது. கழுத்தில் அளவு நாடா, கையில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியோடு மனைவி வந்து நின்றாள்.

"சீருடைக்கும் உங்க தேர்வுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டார். சீருடைக்கு அந்த மொழியிலும் ஏறக்குறைய 'யூனிபார்ம்' தான், அந்த ஒரு சொல் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"அது வேறம்மா. ராணுவத்துச் சீருடை. நீ போய் வேலையைப் பாரு."

அவள் போகவில்லை. அவரையே பார்த்தாள். பிறகு நிதானமாக, ஒரு சொல்லும் பிசகாமல், பிரெஞ்சில் பேசினாள்.

'நான் இல்லாமல் இருந்திருந்தாலும், நீங்கள் வேறு ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.'

வூஸோரியே த்ரூவே. துணைவினை சரி. மரியாதைப் பன்மை சரி. இரண்டு சொல்லை இழுத்து ஒட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டியும் இருந்தது. மானம் போய்க்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும் அவருக்குள் இருந்த பாழாய்ப்போன வாத்தியார் திருத்துவதற்கு ஒரு பிழையாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை.

"உனக்கு... எப்படி?"

"எப்படின்னா? இருபது வருஷமா உங்க தொண்டையைக் கேட்டுக்கிட்டுத்தானே தைக்கிறேன். காதுல பஞ்சா வெச்சிருக்கேன்? புதுசா வர்ற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீங்க முதல்லேருந்து நம்ம பாஷையில அர்த்தம் சொல்றீங்க. கல்யாணம் ஆகாம இருந்திருந்தா நீங்க எங்கெங்க போயிருப்பீங்கன்னு எனக்குத் தலைகீழாத் தெரியும்." குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லிட்டுப் போங்க, எனக்கொண்ணும் இல்ல. புலம்பறதுக்கு மனுஷனுக்கு ஒரு இடம் வேணும்னு விட்டுட்டேன். ஆனா போகாததுக்குப் பழியை முன்னாடியே என் தலையில தைக்காதீங்க. நாளைக்கு நானும் கூட வர்றேன். பட்டன் வைக்கற வேலைதான் பாக்கி. அதை எங்க உக்காந்தும் பண்ணலாம்."

திரை மூடிக்கொண்டது. அன்று வகுப்பு சீக்கிரமே முடிந்தது.

ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் இருந்த சோபாவில் உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும். அவர் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் துணிப்பையை விரித்து, சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே மேஜைக்குப் பின்னால் அந்த வரவேற்புப் பெண், ஓட்டல் உடையில், இருவரையும் தெரியாதவள்போல் நின்றாள். விமானம் தாமதமாம். தேர்வு எடுக்கிற அம்மா வரவில்லை.

அவர் எழுந்தார். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"பாட்டில் பையில இருக்கு," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சற்று நேரம் கழித்து, "லேசா மூச்சு முட்டுது. வெளிய காத்தாட நின்னுட்டு வரேன்."

"ஏசிக்கு நேராத்தான் உக்காந்திருக்கீங்க."

"நேரத்துக்கு வராதவங்ககிட்ட என்னத்தத் தேர்வு? நமக்கும் ஒரு மானம் இருக்கில்ல?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உக்காருங்க."

உட்கார்ந்தார்.

கடைசியில் அந்த அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு, தலை கலைந்து, வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கண்ணாடித் தடுப்புப் போட்ட சிறிய அறை ஒன்றில் அவரை எதிரே உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பலகையில் வரிவரியாக நிற்கும். இவள் பேசியது குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டியது. அவர் முழிப்பதைப் பார்த்து, பாவம், வேகத்தைக் குறைத்து ஒரு குழந்தைக்கான கேள்வியைக் கேட்டாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

தெரிந்த காலம் ஒன்றுதான், அது தானாக வந்து விழுந்தது. "ரொட்டி சாப்பிட்டிருப்பேன்."

அந்த அம்மா புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டீர்களா, இல்லையா?

"சாப்பிட்டிருப்பேன்," என்றார் மறுபடியும். சொல்லும்போதே தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சரி, அது போகட்டும், எங்கள் நாட்டுக்கு வர ஏன் விரும்புகிறீர்கள்?

இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்றதும் ஒரு தைரியம் வந்தது. முந்தின நாள் கதையைச் சொன்னார். பலகை, சீருடை, மெஷின் நின்றது, திரை விலகியது, மனைவி சொன்ன வாக்கியம். கதை முழுக்க அவருடைய சொந்தக் காலத்திலேயே ஓடியதால் தங்குதடை இல்லாமல் வந்தது. அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். உங்க மனைவி இங்கே வந்திருக்காங்களா என்று சைகையாலேயே கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். இவர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அந்த அம்மா மனைவியின் முன்னால் போய் நின்று, கையை நீட்டி ஏதோ ஒரு சொல் சொன்னாள். மனைவி மடியிலிருந்த சட்டையை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள். அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்நிய தேசத்திலிருந்து வந்தவளிடம் ஒன்றும் பேசாமல் நிற்பது மரியாதையில்லை. தெரிந்த பிரெஞ்சில், தெரிந்த ஒரே காலத்தில், பவ்யமாகச் சொன்னாள்.

'நீங்கள் நேரத்துக்கு வந்திருந்தால், இவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.'

மேஜைக்குப் பின்னால் வரவேற்புப் பெண் குனிந்து, விழாத பேனாவைத் தேட ஆரம்பித்தாள். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம். பரண்மேல் கிடந்த பெட்டியைத் தானே ஏறி இறக்கித் தூசி தட்டினார். அந்த அம்மா சிரித்தாளே, அவ்வளவு சிரித்தவள் நம்மை விட்டுவிடுவாளா என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடக்காமல் போனதை விட்டுவிட்டு, நடக்கப் போவதை நினைத்துக்கொண்டு நடமாடினார். மனைவி அவருடைய சட்டைகளை எடுத்து, தளர்ந்த பட்டன்களைப் பார்த்துப் பார்த்து இறுக்கித் தைத்துவைத்தாள்.

ஒரு பிற்பகலில் போன் வந்தது. அந்த அம்மாவேதான். தொலைவிலிருந்து, அதுவும் போனில், ஒன்றும் புரியப் போவதில்லை என்று பயந்துகொண்டே காதில் வைத்தார். முதல் வாக்கியமே தெளிவாக, எழுத்து எழுத்தாகப் புரிந்தது.

'நாங்கள் உங்களை எடுத்துக்கொள்ள விரும்பியிருப்போம்.'

எத்தனை தடவை பலகையில் எழுதிய காலம். துணைவினையை எண்ணிப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

உள்ளே மெஷின் நின்றிருந்தது. "கிடைக்கலையா?"

"இல்ல."

"என்ன சொன்னாங்க?"

"எடுத்திருப்பாங்களாம்."

அவர்தான் முதலில் சிரித்தார். அவளும் திரைக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது. சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கியது. வழக்கம்போல இதற்கு ஒரு 'இருந்திருந்தா' கட்டலாமா என்று பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. போனார், பேசினார், கிடைக்கவில்லை. அழுகை வந்தது, அழுதார். அவமானமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் பயந்தாரே, அப்படி ஒன்றும் இல்லை. வலித்தது, அவ்வளவுதான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு அந்தம்மா கையை நீட்டி ஏதோ சொன்னாங்களே. அது என்ன?"

"வணக்கம் சொன்னாங்க."



"வணக்கம் சொன்னவங்களுக்கா நான் அப்படிப் பதில் சொன்னேன்? என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? எனக்கு எப்படிங்க தெரியும்? இத்தனை வருஷத்துல நீங்க அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லையே."

சும்மாதான் கேட்டாள், குத்திக்காட்டவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. இருபது வருஷமாக அந்தத் திரை வழியாக என்னென்ன உள்ளே போயிற்று என்று அவர் நினைத்துப் பார்த்தார். ரயில் போயிற்று, பதவி உயர்வு போயிற்று, கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால் போயிற்று. அவருடைய குறை ஒவ்வொன்றும் துணைவினையோடு சுத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வணக்கம் போகவில்லை.

எழுந்து போய்த் திரையை ஒதுக்கி, பக்கத்து ஆணியில் முடிச்சுப் போட்டார். மெஷின் பக்கத்தில், துணிக் குவியலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"போன்ஷூர்," என்றார்.

"போன்ஷூர்," என்றாள் அவள். "இதுக்குத் திருப்பி என்ன சொல்லணும்?"

"அதையேதான்."

"அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமானதையா இத்தனை நாள் எனக்குச் சொல்லாம வெச்சிருந்தீங்க?"

"சொல்லியிருக்கணும்," என்றார் அவர்.

அன்று மாலை முதலில் வந்தது வரவேற்புப் பெண். வாசலில் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருப்பாள், அதற்குள் உள்ளேயிருந்து, மெஷின் சத்தத்துக்கு மேல், "போன்ஷூர்" என்று ஒரு குரல் வந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு நின்று சாரைப் பார்த்தாள். நான் இல்லை என்று அவர் கையை ஆட்டி, திரை ஒதுக்கிக் கட்டிய உள்ளறையைக் காட்டினார்.

"பதில் சொல்லும்மா," என்றார். "காத்திட்டிருக்காங்க."